கொம்பியூட்டருக்குச் சந்தனப் பொட்டு

1984 ஒக்டோபர் 3, புதன்கிழமை. சரஸ்வதி பூசை. வழமைபோல விடிய எழும்பி, கிணற்றில் குளித்து, முகம் மழித்து, தேநீர் குடித்தேன். சாப்பாட்டு மேசையின் நான்கு கால்களும் நிற்கும் பால்மா ரின்களில் தண்ணீர் வற்றியிருந்தது. நிரப்பினேன். எறும்பு ஏறாமலிருக்க இந்த ஏற்பாடு. எறும்புகள் தேடி வந்தது சாப்பாட்டை அல்ல. மேசையில் இருந்த கொம்பியூட்டரின் மின்மாற்றிப் பெட்டியை. அது எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். எங்கள் வீட்டு எறும்புகளுக்குச் சீனியைவிட அந்தச் சூடு பிடித்திருந்தது. பிறகு கசற் றெக்கோடரின் தலையைப் பஞ்சில் ஸ்பிரிற் தொட்டுத் துடைத்தேன். சைக்கிளுக்குக் காற்றடித்தேன். நான் வேலைசெய்யும் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போய்க் கையெழுத்து வைத்து, முதல்நாள் மிச்சம் விட்ட காகிதக் கோவைகளை முடித்து, மத்தியானத்தோடு அரைநாள் லீவில் கோப்பாய்க்குத் திரும்பினேன்.

அதுவரை ஒழுங்கான நாள்.

அந்தக் கொம்பியூட்டரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். லண்டனில் இருக்கும் என் தம்பி அனுப்பியது. கறுப்பு நிறம், ஒரு எழுதும் கொப்பியின் அளவு. மேலே நாற்பது றப்பர் சாவிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரை வெட்டி ஒட்டினதுபோல. அதற்குத் திரை கிடையாது. வீட்டு ரீவியோடு இணைக்கவேண்டும். நினைவும் கிடையாது, நிற்பாட்டினால் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் மறந்துவிடும். எங்கள் கச்சேரிக் கந்தோரிலும் அப்படிச் சிலர் இருந்தபடியால் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மறக்காமலிருக்க வேண்டியதைக் கசற்றில் பதியவேண்டும். அடுத்த முறை அந்தக் கசற்றை ஓடவிட்டால் காது கிழியும் ஒரு கிரீச்சல் கேட்கும். அந்தக் கிரீச்சலைத்தான் கொம்பியூட்டர் வாசித்து விளங்கிக்கொள்கிறது.

என் மனைவி அதை விளங்கிக்கொள்ள மறுத்தாள்.

"இஞ்சாருங்கோ, உந்தப் பண்டிக் கத்தலை நிப்பாட்டுங்கோ. பக்கத்து வீட்டுக்காரர் நாங்கள் என்னத்தையோ அறுக்கிறம் எண்டு நினைக்கப்போயினம்."

"அது தகவல்," என்பேன்.

"அப்ப தகவலுக்கு ஒரு பாய் விரிச்சு அறைக்குள்ளை வையுங்கோ. எனக்கு ரீவி வேணும்."

ரீவிதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. பின்னேரத்தில் கொம்பியூட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். விளக்கு வைத்தவுடன் அவளுடைய நாடகம் தொடங்கும். இதற்கிடையில் எனக்கு இன்னொரு எதிரி, வெங்காயம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மின்சாரப் பம்பால் தண்ணீர் இறைக்கத் தொடங்கினால் வீட்டு விளக்குகள் மங்கும். விளக்கு மங்கினால் கொம்பியூட்டருக்கு மயக்கம் வந்து, பாதி வாசித்த கசற்றை மறந்துவிடும். ஆகவே யார் எந்த நாளில் இறைப்பார் என்பது எனக்கு அத்துப்படி. வெங்காயத்துக்கும் நாடகத்துக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில், கையேட்டைப் பக்கம் பக்கமாக வாசித்து, நானே தனியே படித்தேன். கசற்றின் தலை சரிந்தால் காதைக் கிட்ட வைத்து, சின்ன ஸ்குறூட்றைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிச் சத்தத்தைக் கூர்மையாக்கவும் பழகினேன். பழகியதைச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. கச்சேரியில் என்னிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி, இன்ன கோவை எந்த அலுமாரியில் இருக்கிறது என்பது.

ஆகவே மாஸ்டர் வந்து கொம்பியூட்டர் வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேட்டபோது நான் உடனே ஓம் என்றேன்.

மாஸ்டர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எங்கள் றோட்டில் கிடுகால் வேய்ந்த நான்கு கொட்டில்களில் ரியூட்டறி நடத்தினார். ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது வரவு பதியத்தான்; படிப்பது ரியூட்டறியில். ஒருநாள் பின்னேரம் என் வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரைத் தூக்கிப் பார்த்தார். "பாரம் காணாதே" என்றார். பிறகு யோசித்து, "லண்டனோ?" என்றார். லண்டன் என்றதும் பாரம் போதுமானதாகிவிட்டது. அடுத்த கிழமை றோட்டுமுனையில் போர்ட் தொங்கியது. கொம்பியூட்டர் விஞ்ஞான டிப்புளோமா. முப்பத்தாறு பேர் சேர்ந்தார்கள். எல்லாரும் உயர்தரச் சோதனை எழுதி மறுமொழி பார்த்திருந்தவர்கள். மாஸ்டர் உடனே சான்றிதழை அச்சடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். ரியூட்டறிக்கென்று ஒரு ரீவியும் வாங்கினார். அதோடு நிற்காமல், கொம்பியூட்டரைக் கண்ணால் காணமுதலே ஒரு மாதம் தியறி நடத்தி முடித்தார். முப்பத்தாறு கொப்பிகளிலும் கொம்பியூட்டரின் நீளம், அகலம், பாகங்கள், பயன்கள், பிரதிகூலங்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன.

விஜயதசமி அன்று காலை ஏடு தொடக்குவதுபோலக் கொம்பியூட்டரையும் தொடக்கவேண்டும் என்பது மாஸ்டரின் திட்டம். அந்த வருடம் அது வியாழக்கிழமை, குருவின் நாள். இதைவிடப் பொருத்தம் கிடைக்காது என்றார்.

"முதல் எழுத்து என்ன வரும், தம்பி?"

"ஆங்கில எழுத்துத்தான் அதிலை இருக்கு, மாஸ்டர்."

"ஏ எண்டோ தொடக்கிறது? விஜயதசமியிலை? அனா வரவேணும்."

அது என் மனதில் ஏறிவிட்டது. அந்த இயந்திரத்தில் ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டுச் சதுரத்துக்குள் அடங்கவேண்டும். இரண்டு கிழமை சதுரத் தாளில் புள்ளி வைத்து அழித்து, அழித்து வைத்து, ஒரு அனாவைச் செய்தேன். எட்டுச் சதுரத்துக்குள் அனாவின் வயிறு அடங்கினால் கால் வெளியே நிற்கும். கால் அடங்கினால் வயிறு இல்லாமல் போய்விடும். கடைசியில் இரண்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன. அதைப் பெரிதாக்கித் திரையை நிறைக்கும்படி ஒரு புறோகிறாம் எழுதிக் கசற்றில் பதிந்தேன். வியாழக்கிழமை காலையில் முப்பத்தாறு பேர் அந்த அனாவைப் பார்க்கப்போகிறார்கள். நான் அதை எவ்வளவு விரும்பினேன் என்பதை மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

புறோகிறாம் கசற்றிலிருந்து ஏறினபிறகு அதை ஓட்டும் கட்டளைக்கு ஒரே ஒரு சாவி போதும். ஆர். அந்தச் சாவியை அழுத்தினால் திரையில் 'ரன்' என்று முழுச் சொல்லும் வரும். இதை மாஸ்டருக்கு விளங்கப்படுத்தியதுதான் கஷ்டம். எங்கள் பக்கப் பேச்சில் யார் என்பதை ஆர் என்றுதான் சொல்வோம்.

"எல்லாம் ஏறினாப் பிறகு ஆர் அழுத்தவேணும்," என்றேன்.

"அதைத்தான் நான் உம்மட்டைக் கேக்கிறன். ஆர் அழுத்துறது?"

"ஓம், ஆர்தான்."

"தலைமை தாங்கிறது நான். அப்ப நான் அழுத்துறன்."

"நீங்கள் அழுத்துங்கோ. ஆனால் ஆர் அழுத்துங்கோ."

பிறகு நான் சாவியைத் தொட்டுக் காட்டினேன். "இதைத் தெளிவாச் சொல்லியிருக்கலாமே, காணும்," என்றார் மாஸ்டர். அந்தச் சாவிதான் எல்லாச் சாவிகளிலும் முக்கியமானது என்பதை மனதில் குறித்துக்கொண்டார். குறித்தது பிறகு வினையாயிற்று.

இனிப் புதன்கிழமைப் பின்னேரம். இராணுவத்துக்குப் பயந்து இருட்டமுதல் எல்லாரும் வீடு சேரவேண்டிய காலம் அது. ஆகவே பூசை நாலு மணிக்கே. கொம்பியூட்டரைத் துவாயில் சுற்றி, பெட்டியில் வைத்து, சைக்கிள் கரியரில் கட்டி, தள்ளிக்கொண்டு போனேன். மனைவியும் பட்டுச்சேலையோடு கூட வந்தாள். அவள் இவ்வளவு சந்தோசமாக ஒரு ரியூட்டறிக்குப் போனதை நான் கண்டதில்லை. கொம்பியூட்டர் வீட்டைவிட்டுப் போகிறது. ரீவி வீட்டில் நிற்கிறது.

நடுக்கொட்டிலில் கும்பம் வைத்து, முப்பத்தாறு பேரின் கொப்பிகளும் அடுக்கப்பட்டிருந்தன. கொம்பியூட்டரை அதற்கு முன்னால், மாஸ்டர் காட்டிய இடத்தில் வைத்தேன். ஆயுத பூசையும் அன்றுதானே என்று என் ஸ்குறூட்றைவர், ஈயம் உருக்கும் கோல், கசற் றெக்கோடர் எல்லாவற்றையும் பக்கத்தில் ஒழுங்காக வரிசைப்படுத்தினேன். இதைச் செய்யும்படி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஒழுங்கு பிடித்த ஆள் என்றால் இப்படித்தான், தன் கையைத் தானே கட்டிக்கொள்வான்.

தூசிக்கென்று நான் தைப்பித்த பிளாஸ்ரிக் உறையை மாஸ்டர் உருவி எடுத்தார். "மூடி வைச்சால் சரஸ்வதி எப்பிடிப் பாக்கிறது?" பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குந்தினார். நாற்பது சாவிக்கும் நாற்பது பொட்டு. ஒரு எழுத்தையும் விடக்கூடாதாம். நான் "மாஸ்டர், கொஞ்சமா, கொஞ்சமா" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். ஆர் சாவிக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, பெருவிரலால் ஒரு அப்பு அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். "ஓட்டுற சாவியெல்லோ."

இணுவிலிலிருந்து ஐயர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். என் வயதுக்காரர். விறுவிறுவென்று வேலை முடிக்கும் ஆள். மந்திரம் சொல்லி, தீபம் காட்டி, கும்பத் தண்ணீரை மாவிலையால் தெளித்தார். முதல் தெளிப்பு கொப்பிகளில் விழுந்தது. இரண்டாவது எங்கள் எல்லார் தலையிலும். "ஐயா, லண்டன் சாமான், கண்ணூறு கூட" என்று மாஸ்டர் ஞாபகப்படுத்தினார். மூன்றாவதை ஐயர் மனம் நிறையத் தெளித்தார். கொம்பியூட்டரின் முதுகுப்பக்கத்தில் வேறு கருவிகள் செருகுவதற்கு நீளமாக ஒரு வாய் திறந்திருக்கும். மாவிலையிலிருந்து வடிந்தது அந்த வாய்க்குள் ஒழுகியதை நான் கண்ணால் கண்டேன்.

"மாஸ்டர், உதை இப்பவே கழட்டித் துடைக்கவேணும்," என்றேன்.

"பூசையிலை வைச்சதைத் தொடுறதோ? நாளைக்குக் காலமை ஏடு தொடக்கேக்கைதான்."

"ஈரத்தோடை ஒரு இரவு கிடந்தால் உள்ளுக்கை பச்சை பிடிச்சுப்போம். நாளைக்குத் தொடக்கிறதுக்கு ஒண்டும் இராது."

"சரஸ்வதி பாத்துக்கொள்ளுவா."

"தண்ணி உள்ளுக்கை போகேக்கையும் பாத்துக்கொண்டுதான் நிண்டவ, மாஸ்டர்."

முப்பத்தாறு பேரில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்க்க அது இருமலாகியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடாநாட்டில் அப்படி இன்னொன்று இருந்ததாக எனக்குத் தெரியாது. தம்பி இன்னொன்று அனுப்பவும் மாட்டான். இதையே அவன் மனைவிக்குத் தெரியாமல்தான் அனுப்பியிருந்தான். இது போனால் அனா போயிற்று. வகுப்பும் போயிற்று. நான் மறுபடியும் அலுமாரி காட்டும் ஆள்.

ஐயர் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். "கொஞ்சம் பொறுங்கோ. முதல் உது என்ன எண்டு முடிவெடுப்பம். புத்தகமெண்டால் நாளைக்குக் காலமை வரைக்கும் தொடப்படாது. வாகனமெண்டால் பூசை முடிஞ்ச கையோடை எடுக்கலாம். பஸ்காரர் அப்பிடித்தானே செய்யினம்? உது எழுதுறதோ, ஓடுறதோ?"

எனக்கு உயிர் வந்தது. "ஓடுறது, ஐயா. ஆர் அழுத்த ஓடும். ரன் எண்டு திரையிலையே எழுதி வரும்."

"ஓம், ரன் எண்டால் ஓடு," என்றார் மாஸ்டர். "நான் நோட்ஸே குடுத்திருக்கிறன்."

"அப்ப வாகனம்," என்று ஐயர் தீர்ப்புச் சொன்னார். "தேசிக்காய் எங்கை?"

வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே எலுமிச்சை, அதாவது தேசிக்காய், நசியவேண்டும். இதற்குச் சில்லு இல்லை என்று நான் சொன்னது எடுபடவில்லை. நான்கு மூலைக்கும் நான்கு தேசிக்காய் வைத்து, அதன்மேல் கொம்பியூட்டரைத் தூக்கி வைத்தார்கள். ஒரு கொப்பியின் பாரத்தில் எந்தத் தேசிக்காய் நசியும்? அது நான்கின்மேலும் தேர்போல நின்றது. "நசியவேணுமெல்லோ" என்று மாஸ்டர் இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றப் போனார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். மாஸ்டர் என்று கூப்பிடும் ஒருவரின் கையை என் வாழ்க்கையில் பிடித்தது அதுதான் முதல்தடவை.

"சரி, நசியாட்டிப் பரவாயில்லை," என்றார் ஐயர். "இப்ப ஓட்டுங்கோ."

"இப்ப ஓட்டேலாது."

"ஏன்?"

"உள்ளுக்கை ஈரம். கரன்ற் குடுத்தால் எரிஞ்சுபோம்."

"அப்ப ஓடாதோ?"

"ஓடும், ஐயா. இப்ப ஓடப்படாது."

ஐயர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஐயரைப் பார்த்தார். "தம்பி," என்றார் மாஸ்டர், "ஓடுறது எண்டு சொல்லித்தான் நீர் உதை வாகனமாக்கினது. ஓடாட்டில் ஏடு." சொன்னபிறகுதான் அதன் எதுகை அவருக்கே கேட்டது. பிள்ளைகளின் பக்கம் திரும்பி, "ஓடாட்டில் ஏடு!" என்று இன்னொரு முறை சொன்னார். எழுதுவதற்கு எல்லாரும் குனிந்தார்கள். கொப்பிகள் எல்லாம் பூசையில் இருந்தபடியால் நிமிர்ந்தார்கள்.

நான் என் வாயாலேயே அகப்பட்டுவிட்டேன். ஏடு என்றால் தொடமுடியாது. வாகனம் என்றால் ஓட்டிக் காட்டவேண்டும். தொட்டுவிட்டு ஓட்டாமல் இருப்பதற்கு எந்தச் சாத்திரத்திலும் இடமில்லை. உள்ளே தண்ணீர் தன் பாட்டில் ஊறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வாங்குப் பலகையில் இருந்த என் மனைவி கடலைத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் விலகுங்கோ."

"நீர் சும்மா இரும். உது உமக்கு விளங்காது."

"கொம்பியூட்டர் விளங்காது. ஈரம் விளங்கும்." ஐயரிடம் திரும்பினாள். "ஐயா, கோயிலிலை அபிஷேகம் முடிஞ்சால் சுவாமியை ஈரத்தோடையோ விடுறனீங்கள்?"

"சீச்சீ. ஒற்றாடை சாத்தி, நல்லா ஒற்றித் துடைச்சுப்போட்டுத்தான் அலங்காரம்."

"இப்ப நீங்கள் உதுக்குச் செய்தது என்ன? அரைக் கும்பம் ஊத்தினியள். அது அபிஷேகமோ இல்லையோ?"

ஐயர் யோசித்தார். நேர்மையான மனிதர், தன் கையிலிருந்த மாவிலையின் ஈரத்தையும் ஒருமுறை பார்த்தார். "அபிஷேகம்தான்."

"அப்ப பூசை இன்னும் முடியேல்லை. ஒற்றாமல் எப்பிடி முடியிறது?"

ஏடா வாகனமா என்ற வழக்கு அந்த இடத்தில் தள்ளுபடியாயிற்று. அது சுவாமி. ஒற்றவேண்டும். ஆனால் சுவாமியை ஐயர்தான் தொடலாம். எனக்கு அந்த உரிமை இல்லை. சொல்லிக் கொடுக்கலாம், தொடப்படாது. என் ஸ்குறூட்றைவரையும் எடுக்கமுடியாது; நானே கொண்டுவந்து பூசையில் அடுக்கிவிட்டேனே. ஐயர் சுற்றுமுற்றும் பார்த்து, தீர்த்தம் கொடுக்கும் உத்தரணியை எடுத்தார். அதன் வால் மெல்லியதாகத் தட்டையாக இருந்தது. திருகாணித் தலையில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

"இடப்பக்கம் திருப்புங்கோ, ஐயா."

"அப்பிரதட்சணமோ?"

"கழட்டுறதுக்கு அப்பிடித்தான்."

விரலில் பவித்திரத்தோடு, கொம்பியூட்டரைப் பொட்டு அழியாமல் ஏந்திக் கவிழ்த்து, அடியிலிருந்த ஆணிகளை ஐயர் ஒவ்வொன்றாகக் கழற்றித் தாம்பாளத்தில் போட்டார். அது விழும் சத்தம் ஒவ்வொன்றும் எனக்குள் கேட்டது. பிறகு நிமிர்த்தி மேல்மூடியில் கை வைத்தார்.

"மெல்ல, ஐயா! உள்ளுக்கை இரண்டு நாடா இருக்கு. மேலையும் கீழையும் அதுதான் சேத்து வைச்சிருக்கு. அறுந்தால் திரும்ப ஒட்டேலாது."

"தாலிக்கொடி எண்டு சொல்லுங்கோ."

"ஓம். அப்பிடித்தான்."

அதற்குப் பிறகு ஐயரின் கை பூப்போல வேலை செய்தது. நாடாக்கள் இழுபடாமல் மூடியைச் சரித்துப் பிடித்து, புது ஒற்றாடையின் நுனியால், நான் காட்டக் காட்ட ஒற்றினார். தண்ணீர் பச்சைப் பலகையின் ஒரு ஓரத்தில் தேங்கி நின்றது. தேய்க்கவேண்டாம், ஒற்றினால் போதும் என்றேன். "எங்களுக்குச் சொல்லித்தாறியளோ?" என்றார் சிரித்துக்கொண்டு. மனைவி தூபக்காலைக் கொண்டுவந்தாள். "முழுகினால் சாம்பிராணி காட்டித்தானே தலை காயவைக்கிறது." புகை உள்ளே படிந்தால் கரி பிடிக்கும் என்று நான் கும்பிடாக் குறையாகச் சொன்னேன். கடைசியில் சாம்பிராணி போடாமல், சிரட்டைத் தணலின் சூட்டை மட்டும் ஒரு முழத்துக்கு அப்பால் பிடிப்பது என்று ஒத்துக்கொண்டோம். உட்பக்கம் காய்ந்தது. மூடியைச் சரிவாக விட்டு, ஒற்றாடையால் போர்த்தி, அந்த நான்கு தேசிக்காய்களின் மேலேயே வைத்தோம். கீழே காற்றுப் போக அதைவிட நல்ல ஏற்பாடு எனக்கும் தோன்றவில்லை.

மேலே, நாற்பது பொட்டும் அப்படியே இருந்தன. அலங்காரம் கலைக்கக்கூடாதாம்.

பொழுதுபடுகிற நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். "நீர் இல்லாட்டில் இண்டைக்கு எல்லாம் முடிஞ்சிருக்கும்," என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

"உது செத்தால் எங்கை வரும்?" என்றாள் மனைவி. "திரும்பவும் எங்கடை மேசைக்குத்தானே? நீங்கள் அதைக் கழட்டி வைச்சு வருசக்கணக்கா நோண்டுவியள். அதுதான் போய்க் கதைச்சனான்." அன்று அவள் நாடகத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். மேசையின் கால்களுக்குக் கீழே ரின்களில் தண்ணீர் நிறைய இருந்தது; எறும்புகளுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. வெயில் கிடுகில் விழமுதலே ரியூட்டறியில் நின்றேன். ஐயர் கொப்பிகளை இறக்கி உரியவர்களிடம் கொடுத்தார். என் ஸ்குறூட்றைவர் ஒரு செவ்வரத்தம்பூவோடு என் கைக்கு வந்தது. மூடியைப் பொருத்தி ஆணிகளை முடுக்கினேன். மாஸ்டரின் புது ரீவியில் இணைத்தேன். கரன்ற் கொடுத்தேன். ஒரு கணம் திரை கறுத்தது. பிறகு வெள்ளையாகி, அடியில் வழமையான ஒற்றை வரி வந்தது.

கசற்றைப் போட்டேன். அந்தக் கிரீச்சல் கொட்டில் முழுக்க நிறைந்தது. மாஸ்டர் கைகூப்பி எழுந்தார். அவரைப் பார்த்து முப்பத்தாறு பேரும் எழுந்தார்கள். சத்தம் முடியும்வரை ஒருவரும் அசையவில்லை. அது லண்டன் தேவாரம் என்று நினைத்தார்களோ தெரியாது. வெங்காயக்காரர் யாரும் இறைக்கவில்லை. எல்லாம் ஏறியது.

"ஆர், மாஸ்டர்," என்றேன்.

இம்முறை அவர் தடுமாறவில்லை. சட்டைக் கையை மடித்து, குங்குமம் வைத்த அந்தச் சாவியை அழுத்தினார். அது அசையவில்லை. பெருவிரலால் அழுத்தினார். இரண்டு பெருவிரலாலும் அழுத்தினார். பெருவிரல் அளவுச் சந்தனம் இரவு முழுக்கக் காய்ந்து, சாவியின் நான்கு ஓரமும் சீமெந்துபோல இறுகியிருந்தது. மற்ற முப்பத்தொன்பது சாவிகளும் மெத்தென்று இறங்கின. ஓட்டுகிற சாவி மட்டும் இறங்கவில்லை.

"மாஸ்டர் நேற்றே சொன்னவரெல்லோ," என்றார் ஐயர் அமைதியாக. "ஏடுதான்."

மாஸ்டரின் முகம் போன போக்கில் எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அந்த இயந்திரத்தோடு தனியே இருந்து நான் படித்தது வீண்போகவில்லை. ஓட்டச் சொல்ல முடியாவிட்டால், முதலாவது வரிக்குப் போ என்று சொல்லலாம். அதற்கு வேறு சாவி, ஜீ. என் புறோகிறாமின் முதல் வரிக்கு இலக்கம் பத்து. "ஜீ, பிறகு பத்து" என்று நானே அழுத்தினேன்.

திரையில் மேலிருந்து கீழாக, கட்டம் கட்டமாக, அனா வந்தது. வயிறு கொஞ்சம் சப்பை. கால் கொஞ்சம் கட்டை. ஆனால் அனா. பின்வரிசையில் ஒருவன் தன்னையறியாமல் "அ" என்று வாசித்தான். உடனே எல்லாரும் வாசித்தார்கள். நான் திரையைப் பார்க்காமல் அவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கச்சேரிக்குப் பிந்தும் என்ற நினைவே வரவில்லை.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். நடந்த எல்லாம் தான் திட்டமிட்டதுதான் என்பது அந்தச் செருமலில் இருந்தது. "எல்லாரும் கொப்பியைத் திறவுங்கோ," என்றார். "விஜயதசமியிலை தொடக்கிற முதல் நோட்ஸ். தலைப்புப் போட்டுக் கீழ்க்கோடு அடியுங்கோ. கொம்பியூட்டரை இயக்கும் முறை. ஒன்று: ஆர் அழுத்தக்கூடாது."

முப்பத்தாறு பேனாவும் நின்றன. முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

"சேர், ஆர் அழுத்தக்கூடாது?"

"ஓம். ஆர் அழுத்தக்கூடாது."

"அதுதான் சேர், ஆர்?"

"ஆர்தான் எண்டு சொல்லுறன், திரும்பத் திரும்பக் கேக்கிறீர்!"

அவள் பக்கத்தில் இருந்தவளோடு ஒருமுறை குசுகுசுத்துவிட்டு, கொப்பியின் முதல் வரியில் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினாள்: கொம்பியூட்டரை ஒருவரும் அழுத்தக்கூடாது. அவளைப் பார்த்து மற்ற முப்பத்தைந்து பேரும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.